டெபியன் சிட்: ஃபுல்-அப்கிரேட் நடுவுல பவர ஆஃப் பண்ணிட்டேன், பாதி டெஸ்க்டாப் காணோம், காப்பாத்துங்க

அச்சக_மாப்ள | 14 மார்ச் 2024, இரவு 11:48

வணக்கம் மக்களே, போன்ல இருந்து டைப் பண்றேன், தப்பு இருந்தா பொறுத்துக்குங்க. மாமாவோட அச்சகத்துல இருக்கிற மெஷின்ல ரெண்டு வருஷமா டெபியன் சிட் (டெபியன் லினக்ஸோட எப்பவும் மாறிட்டே இருக்கிற பதிப்பு) தான் ஓடுது, நான்தான் போட்டுக் கொடுத்தேன், அப்ப இருந்த ஸ்டேபிள்ல (நிலையான பதிப்பு) அந்த கிராஃபிக்ஸ் கார்டு சரியா வரல, அப்புறம் மாத்திடலாம் மாத்திடலாம்னு சொல்லியே காலம் ஓடிருச்சு. கல்யாணப் பத்திரிகை வேலை பூராவும் ஒரு பழைய 32 பிட் விண்டோஸ் சாஃப்ட்வேர்லதான், யூனிகோடுக்கு முந்தின தமிழ் ஃபான்ட், இருபது வருஷ பழைய ஃபைலெல்லாம் அதுலதான் இருக்கு, அது வைன்ல (லினக்ஸ்ல விண்டோஸ் ப்ரோகிராம ஓட்டுற சாஃப்ட்வேர்) ஓடுது.

ரெண்டு வாரமா ஆப்ட்ல (டெபியன்ல சாஃப்ட்வேர் ஏத்தி இறக்குற கமாண்ட்) அப்கிரேட் அடிச்சா நானூத்தி சொச்சம் பேக்கேஜ் "கெப்ட் பேக்"னு (புதுசாக்காம நிறுத்தி வெச்சிருக்கு) வந்துட்டே இருந்துச்சு, சரி தானா சரியாகும்னு விட்டேன். இன்னிக்கு சாயங்காலம் ஸ்க்ரைபஸ்னு ஒரு பக்க வடிவமைப்பு சாஃப்ட்வேர் போடலாம்னு பாத்தா லிப்க்யூடி5கோர்5டி64னு ஒரு லைப்ரரி வேணும் ஆனா அத போட முடியாதுன்னு சொல்லி, கடைசில "யூ ஹேவ் ஹெல்ட் ப்ரோக்கன் பேக்கேஜஸ்"னு முடிச்சிருச்சு. நான் எதையும் ஹோல்ட் (மாறாம பூட்டி வைக்கிறது) பண்ணவே இல்ல! கூகுள்ல எவனோ ஃபுல்-அப்கிரேட் அடின்னு எழுதியிருந்தான், அடிச்சேன், லிஸ்ட் மடமடன்னு மேல ஓடிச்சு, கீழ மட்டும்தான் பாத்தேன், 312 டு ரிமூவ்னு இருந்துச்சு, பழைய குப்பைய எடுக்குது போலன்னு நெனச்சு ஒய் அமுக்கிட்டேன். கொஞ்ச நேரத்துல "ரிமூவிங் வைன்32", அடுத்து "ரிமூவிங் ப்ளாஸ்மா-டெஸ்க்டாப்"னு போகுது. கண்ட்ரோல் சி அடிச்சேன் கேக்கல, கை நடுங்கிருச்சு, யுபிஎஸ் சுவிட்சையே ஆஃப் பண்ணிட்டேன்.

இப்ப ஆன் பண்ணா கருப்பு ஸ்க்ரீன், லாகின்னு மட்டும் கேக்குது. நாளைக்குக் காலைல பத்து மணிக்கு ரெண்டு பத்திரிகை பிளேட்டுக்குப் போகணும். மாமாகிட்ட இன்னும் சொல்லல. ஃபார்மேட் பண்ணி திருப்பி போடுறத தவிர வேற வழி இருக்கா?

---

டெர்மினல்தாத்தா | 15 மார்ச், 12:20 காலை

ஃபார்மேட் வேணாம் தம்பி. லாகின் கேக்குதுல்ல, அப்போ உயிர் இருக்கு. முதல்ல செய்யக் கூடாதத சொல்றேன். ஆட்டோரிமூவ் அடிக்காத. ஆப்ட் கிளீன் அடிக்காத, வார் கேஷ் ஆப்ட் ஆர்க்கைவ்ஸ்ல இறங்கின டெப் ஃபைல் எல்லாம் உனக்கு வேணும். "பர்ஜ்"ங்கிற (கான்ஃபிக்கோட சேத்து அழிக்கிறது) வார்த்தைய வாயாலயும் சொல்லாத. இப்ப போனதெல்லாம் சும்மா ரிமூவ் ஆனதுதான், கான்ஃபிக் ஃபைல் எல்லாம் ஈடிசி ஃபோல்டர்ல அப்படியே கெடக்கும். மாமாவோட வைன் ஃபோல்டர் ஹோம்ல இருக்கு, அத ஆப்ட் தொடவே தொடாது. அந்த இருபது வருஷ ஃபைல் பத்திரமா இருக்கு, போய் தண்ணி குடிச்சுட்டு வா.

பவர ஆஃப் பண்ணதுதான் பெரிய தப்பு. டிபிகேஜி (ஆப்டுக்கு அடில நிஜமா பேக்கேஜ ஏத்தி இறக்குறது) ஓடும்போது கண்ட்ரோல் சி கேக்காம இருக்கிறதே உன்ன காப்பாத்தத்தான். லிஸ்ட் தப்புன்னு தெரிஞ்சாலும் ஒருவாட்டி ஆரம்பிச்சுட்டா முடிய விட்டுறணும். 312 பேக்கேஜ் ஒழுங்கா போனா திருப்பி போட்டுக்கலாம், பாதி பிரிச்ச மூட்டையத்தான் ஒண்ணும் பண்ண முடியாது.

இப்ப ரூட்டா லாகின் ஆகி "டிபிகேஜி --ஆடிட்" அடி, எது எது பாதில நிக்குதுன்னு சொல்லும். அப்புறம் "டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ". ஏதாவது ஒண்ணு ரெண்டு எர்ரர் அடிச்சா பயப்படாத, குறிச்சு வை. அதுக்கப்புறம் "ஆப்ட் --ஃபிக்ஸ்-ப்ரோக்கன் இன்ஸ்டால் -எஸ்". அந்த எஸ் ரொம்ப முக்கியம், ஒத்திகை மட்டும் பாக்கும், எதையும் செய்யாது. வர்றத போட்டோ எடுத்து இங்க போடு.

இன்னொண்ணு, வார் லாக் ஆப்ட் ஹிஸ்டரி லாக் திறந்து பாரு. ஆப்ட் வேலைய ஆரம்பிக்கிறப்பவே எதெல்லாம் எடுக்கப் போகுதுன்னு அதுல எழுதிரும். உன்னோட கடைசி என்ட்ரில ஸ்டார்ட் டேட் இருக்கும், எண்ட் டேட் இருக்காது. அந்த ரிமூவ் வரிய காப்பி பண்ணி தனியா வெச்சுக்கோ, அதுதான் திருப்பி போட வேண்டிய பட்டியல்.

---

குமிழ்27 | 15 மார்ச், 12:31 காலை

ப்ரோ சிம்பிள், எந்த பேக்கேஜ் தடுக்குதோ அத டிபிகேஜி --ஃபோர்ஸ்-ஆல் போட்டு ஏத்து, அப்புறம் வைன் சம்பந்தமானது எல்லாத்தையும் ஆப்ட்-மார்க் ஹோல்ட் போட்டுரு, இனிமே எவனும் தொட முடியாது. நான் என் மெஷின்ல அப்படித்தான் வெச்சிருக்கேன் ஆறு மாசமா ஒரு பிரச்சனையும் இல்ல

---

டெர்மினல்தாத்தா | 15 மார்ச், 12:38 காலை

ஃபோர்ஸ்-ஆல் வேண்டவே வேண்டாம். டிபிகேஜிய வாயப் பொத்தி உக்கார வெச்சுட்டு அடுத்த அப்கிரேட்ல ரெண்டு மடங்கா வாங்கிக் கட்டிக்கிற வேலை அது. ஹோல்ட் பத்தி அப்புறம் பேசலாம்.

---

யாழ்_பெங்குவின் | 15 மார்ச், 12:52 காலை

தம்பி, தாத்தா சொல்லுறது முழுக்கச் சரி, ஆனா உங்களுக்கு விடிய பத்து மணிக்கு வேலை குடுக்க வேணுமெல்லோ. சிட்டை திருத்துறத நாளைக்குப் பின்னேரம் ஆறுதலா செய்யுங்கோ. இப்ப வேற கொம்பியூட்டர் ஒண்டில டெபியன் 12 லைவ் இமேஜ இறக்கி பென் ட்ரைவில எழுதுங்கோ. அதில பூட் பண்ணி, "டிபிகேஜி --ஆட்-ஆர்க்கிடெக்சர் ஐ386" (ஐ386 எண்டால் 32 பிட் பதிப்பு) குடுத்து, அப்டேற் பண்ணி, வைனும் வைன்32:ஐ386 உம் போடுங்கோ. எல்லாம் ராமிலதான் நிக்கும், 8 ஜிபி கிடக்கெண்டால் காணும். பிறகு உங்கட டிஸ்க்க மவுண்ட் பண்ணி வைன் ஃபோல்டர ஒரு பிரதி எடுத்து, அந்தப் பிரதியில ஓட்டுங்கோ. ஒறிஜினல்ல ஓட்டாதேங்கோ, ஏனெண்டால் ஸ்டேபிளில வைன் 8.0, சிட்டில அதைவிடப் புதுசு. புது வைன் கைவச்ச ஃபோல்டர பழசில திறந்தால் அநேகமா ஓடும், ஆனா ஓடாட்டி பிறகு அழுது பிரயோசனம் இல்ல.

என்னட்டயும் இப்பிடி ஒருக்கா நடந்தது, தீசிஸ் குடுக்கிறதுக்கு முதல் நாள். அண்டைக்கு எனக்கு உதச் சொல்லித்தர ஒருத்தரும் இருக்கேல்ல.

---

அச்சக_மாப்ள | 15 மார்ச், காலை 9:35

யாழ் அண்ணே உங்க வாய்க்கு சக்கரைதான் போடணும். விடியற்காலை நாலு மணிக்கு லைவ் பென் டிரைவ்ல வைன் ஏறிச்சு, ஃபான்ட் எல்லாம் அந்த ஃபோல்டர்குள்ளயே இருந்ததால அதுவும் வந்துருச்சு, ரெண்டு பத்திரிகையும் பிடிஎஃப் எடுத்து பிளேட்டுக்கு அனுப்பியாச்சு. மாமா வந்து பாத்துட்டு "என்னடா ஸ்க்ரீன் வேற மாதிரி இருக்கு"ன்னாரு, அப்டேட் மாமான்னு சொல்லிட்டேன்.

தாத்தா, நீங்க சொன்னதயும் செஞ்சேன். கான்ஃபிகர் ஏ எல்லாத்தயும் முடிச்சுது, ஒண்ணு தவிர. ஃபிக்ஸ்-ப்ரோக்கன் ஒத்திகைல இன்னும் 90 சொச்சம் எடுக்கணும்னு சொல்லுது. ஏன் இப்படி அடம் பிடிக்குது? டி64னு முடியுற பேரா எல்லா இடத்துலயும் வருதே, லிப்ஜிலிப்2.0-0டி64, லிப்கப்ஸ்2டி64, லிப்அசவுண்ட்2டி64, அது என்ன வைரஸா?

---

டெர்மினல்தாத்தா | 15 மார்ச், காலை 11:10

வைரஸ் இல்ல. கதை கொஞ்சம் பெருசு, ஆனா இது புரியாம ஆப்டோட சண்டை போட முடியாது.

கம்ப்யூட்டர் நேரத்த 1970 ஜனவரி 1ல இருந்து எத்தன செகண்ட் ஆச்சுன்னு எண்ணி வெச்சுக்குது. 32 பிட் மெஷின்ல அந்த எண்ணிக்கை 32 பிட் டப்பாவுல இருக்கு. 2038 ஜனவரி 19, நம்ம நேரத்துக்கு காலைல 8 மணி 44 நிமிஷம் 7 செகண்டுக்கு அந்த டப்பா நிரம்பிரும், அடுத்த செகண்ட் தேதி 1901க்கு குதிச்சுரும். அதனால டெபியன்காரங்க டப்பாவ 64 பிட்டா மாத்துறாங்க. அப்படி மாத்தினா லைப்ரரிக்கும் அத கூப்பிடுற ப்ரோகிராமுக்கும் இருக்கிற ஒப்பந்தமே மாறுது, பழைய ப்ரோகிராம் புது லைப்ரரிகிட்ட பேசினா உளறும். ரெண்டும் கலக்கக் கூடாதுன்னுதான் லைப்ரரி பேக்கேஜுக்கு பேர மாத்தி டி64னு வால் ஒட்டுறாங்க, ஆயிரத்துக்கும் மேல லைப்ரரி. பிப்ரவரி கடைசில இருந்து அது எல்லாம் சிட்ல வந்து கொட்டிட்டு இருக்கு.

இதுல வேடிக்கை என்னன்னா உன் 64 பிட் மெஷினுக்கு இதுல ஒண்ணுமே மாறல, அதுல நேரம் எப்பவோ 64 பிட்தான். ஐ386க்கும் மாத்தல, பழைய 32 பிட் ப்ரோகிராம ஓட்டத்தான் இன்னும் ஐ386னு ஒண்ணு இருக்கு, அத உடைச்சுட்டா அது இருந்து என்ன பிரயோஜனம். உண்மையான லாபம் ஆர்ம்ஹெச்எஃப் மாதிரி சின்ன 32 பிட் போர்டுங்களுக்குத்தான். ஆனா பேக்கேஜ் பேர் எல்லா ஆர்க்கிடெக்சர்லயும் ஒண்ணா இருக்கணும், அதனால கல்யாணம் அவங்க வீட்டுல, பந்தல் போட்டது நம்ம தெருவுல.

புது டி64 பேக்கேஜ் பழச வெளியேத்திட்டுத்தான் உள்ள வரும். வெறும் "அப்கிரேட்" எதையும் எடுக்காது, அதனாலதான் உனக்கு ரெண்டு வாரமா நானூறு கெப்ட் பேக். ஃபுல்-அப்கிரேட்டுக்கு எடுக்க அனுமதி உண்டு, ஆனா எத எடுத்தா உனக்கு வலிக்கும்னு அதுக்குத் தெரியாது, ஏதோ ஒரு கணக்கு போட்டு சிக்கல் தீர்ற மாதிரி ஒரு பதில் கண்டுபிடிக்கும். 312 எடுத்தா சிக்கல் தீருமா, தீரும், கணக்குப்படி சரியான விடைதான் அது.

அடுத்தது உன்னோட தனிப் பிரச்சனை, மல்டி-ஆர்ச். ஒரே லைப்ரரி உன் மெஷின்ல ரெண்டு வாட்டி இருக்கு, ஏஎம்டி64க்கு (64 பிட்) ஒண்ணு, வைனுக்காக ஐ386ல ஒண்ணு. "மல்டி-ஆர்ச்: சேம்"னு இருந்தா ரெண்டும் அச்சு அசல் ஒரே வெர்ஷனா இருக்கணும். ஆனா ரெண்டும் வேற வேற பில்ட் மெஷின்ல தயாராகுது. ஒண்ணு காலைல வந்து இன்னொண்ணு நாளைக்கு வந்தா, நடுவுல நீ அப்கிரேட் அடிச்சா ஒண்ணு மட்டும் ஏற முடியாது. சாதாரண நாள்லயே சிட்ல வைன் வெச்சிருக்கிறவனுக்கு இந்த தலைவலி உண்டு, இப்ப ஆயிரம் லைப்ரரிக்கும் ஒரே நேரத்துல.

---

மின்மினி | 15 மார்ச், மதியம் 1:25

தாத்தா சொன்னதோட ஒண்ணு சேத்துக்கிறேன். ஃபுல்-அப்கிரேட்ட விட்டுட்டு, வேணுங்கிறத பேர் சொல்லி கேளுங்க. "ஆப்ட் இன்ஸ்டால் ப்ளாஸ்மா-டெஸ்க்டாப் எஸ்டிடிஎம் -எஸ்"னு (எஸ்டிடிஎம்ங்கிறது லாகின் ஸ்க்ரீன்) அடிச்சா, அது கட்டாயம் வேணும்னு ஆப்டுக்கு புரிஞ்சு, அதுக்கு ஏத்த மாதிரி மத்தத நகர்த்தப் பாக்கும், முடியலன்னா சரியா எந்த இடத்துல மாட்டுதுன்னு எர்ரர்ல வரும். அந்த மாட்டுற லைப்ரரி பேரயும் அதே லைன்ல சேத்து திருப்பி அடிங்க, அது அடுத்தத காட்டும், அதயும் சேருங்க. அசிங்கமான முறைதான், ஆனா மூணு நாலு சுத்துல முடிச்சு அவிழ்ந்துரும். ஒரு பேக்கேஜ எடுத்துரலாம்னா பேருக்குப் பின்னாடி ஒரு மைனஸ் குறி போட்டா போதும், ஒரே கமாண்ட்லயே ஒண்ண போட்டு ஒண்ண எடுக்கலாம்.

எனக்கு ஆப்டிட்யூட்தான் (ஆப்ட் மாதிரியே இன்னொரு கருவி) பிடிக்கும் இதுக்கு. "ஆப்டிட்யூட் ஒய்-நாட்" போட்டு பேக்கேஜ் பேர் கொடுத்தா ஏன் போட முடியாதுன்னு சங்கிலிய வரிசையா காட்டும். தீர்வும் ஒண்ணு மட்டும் சொல்லாது, இது பிடிக்கலன்னா "என்" கீய அமுக்குங்க, இன்னொண்ணு கொண்டு வரும், சமயத்துல முதல் தீர்வு 200 பேக்கேஜ எடுக்கச் சொல்லும், ஆறாவது தீர்வு ரெண்டே ரெண்டத்தான் எடுக்கச் சொல்லும்.

ஆனா உங்க கேஸ்ல நான் என்ன பண்ணுவேன்னா, ஐ386 எல்லாத்தையும் முதல்ல கழட்டிருவேன். வைன் எப்படியும் போச்சு. ரெண்டு கால கட்டிட்டு ஓடுறத விட ஒரு கால்ல நொண்டுறது மேல். ஏஎம்டி64 மட்டும் இருந்தா சிக்கல் பாதியா குறையும்.

---

அச்சக_மாப்ள | 16 மார்ச், இரவு 10:15

மின்மினி மேடம் சொன்ன மாதிரி ஐ386 மொத்தத்தையும் கழட்டினேன், 140 பேக்கேஜ், இந்த தடவ லிஸ்ட ஒவ்வொரு வரியா படிச்சுட்டுத்தான் ஒய். அப்புறம் ப்ளாஸ்மாவ பேர் சொல்லி கேட்டேன், முதல் சுத்துல ரெண்டு லைப்ரரி மாட்டுச்சு, அதயும் சேத்தேன், அடுத்து ஒண்ணு, நாலாவது சுத்துல "0 டு ரிமூவ்"னு வந்தப்ப கண்ணுல தண்ணியே வந்துருச்சு. டெஸ்க்டாப் திரும்பி வந்தாச்சு, பழைய வால்பேப்பரோட. ஹிஸ்டரி லாக்ல இருந்து எடுத்த பட்டியல்ல இருந்து மீதிய பத்து பத்தா போட்டுட்டேன். கப்ஸ் (பிரிண்ட் எடுக்க வைக்கிற சாஃப்ட்வேர்) வேலை செய்யுது, பிரிண்டர் பேசுது.

இப்ப கேள்வி வைன் மட்டும்தான். வைன்32 இன்னும் ஏற மாட்டேங்குது, தினமும் பென் டிரைவ் போட்டு பூட் பண்ணி மாமாவ ஏமாத்த முடியாது.

---

டெர்மினல்தாத்தா | 17 மார்ச், காலை 7:05

சோறு போடுற சாஃப்ட்வேர சிட்ல வைக்காத, அவ்ளோதான். டீபூட்ஸ்ட்ராப் வெச்சு ஒரு ஃபோல்டருக்குள்ள புக்வோர்ம் (டெபியன் 12) ஸ்டேபிள இறக்கி, அதுக்குள்ள வைன போடு. டிஸ்ட்ரோபாக்ஸ்னு ஒரு கருவி, அது தெரிஞ்சா அது இன்னும் சுலபம், ஹோம் ஃபோல்டர், ஸ்க்ரீன் எல்லாம் அதுவே இணைச்சுரும், மாமாவுக்கு வித்தியாசமே தெரியாது. வெளிய சிட் எரிஞ்சாலும் உள்ள ஸ்டேபிள் நிம்மதியா இருக்கும். ஸ்டேபிள் ரெப்போவையும் சிட் ரெப்போவையும் ஒரே சோர்ஸ் லிஸ்ட்ல கலந்து போட்டு சமாளிக்கலாம்னு மட்டும் நெனைக்காத, அது ரெண்டுங்கெட்டான் மெஷினா போயிரும்.

இல்ல நான் சிட்லயேதான் வைப்பேன்னா ஒரு வாரம் பொறு. ஐ386 பில்ட் எல்லாம் வந்து சேரட்டும். தினமும் "அப்டேட்" மட்டும் அடி, "இன்ஸ்டால் வைன்32:ஐ386 -எஸ்" பாரு, ரிமூவ் இல்லாம வர்ற அன்னிக்கு போடு. சிட்ல பாதி பிரச்சனைக்கு மருந்து காலண்டர்தான்.

---

அச்சக_மாப்ள | 24 மார்ச், மாலை 6:40

தாத்தா மன்னிச்சுருங்க, டிஸ்ட்ரோபாக்ஸ்ல பிரிண்டர் விஷயத்துல ஏதோ குழப்பிட்டேன், விட்டுட்டேன். ஆனா இன்னிக்கு வைன்32 ஒத்திகைல ரிமூவ் இல்லாம வந்துச்சு, போட்டுட்டேன், சாஃப்ட்வேர் ஓடுது. திரும்ப போயிரக் கூடாதுன்னு குமிழ் ப்ரோ சொன்ன மாதிரி ஐ386 பேக்கேஜ் எல்லாத்துக்கும் ஒரு லூப் போட்டு ஹோல்ட் போட்டுட்டேன். வைகாசி முகூர்த்த ஆர்டர் வேற குவிஞ்சு கெடக்கு.

---

குமிழ்27 | 24 மார்ச், மாலை 6:52

சொன்னேன்ல ப்ரோ 😎

---

மின்மினி | 24 மார்ச், இரவு 8:30

மொத்த ஐ386க்குமா? வைன்32 ஒண்ணுக்கு மட்டும் போட்டா பரவால்ல. மேல தாத்தா சொன்ன "சேம்" விஷயம் நினைவிருக்கா? ஐ386 பக்கம் ஆணி அடிச்சா அதோட ஏஎம்டி64 ஜோடியும் நகராது. எவ்ளோ லைப்ரரி இப்ப ரெண்டு பக்கமும் நின்னு போயிருக்குன்னு பாருங்க. ஹோல்ட் போட்டதையாவது ஒரு பேப்பர்ல தேதியோட எழுதி மானிட்டர்ல ஒட்டி வைங்க, ஒரு மாசத்துல மறந்துரும்.

---

மின்மினி | 30 மார்ச், காலை 6:50

எல்லாரும் கவனிங்க, இந்த இழைல சிட் ஓட்டுறவங்க இருக்கீங்கன்னு இங்கயும் போடுறேன். எக்ஸ்இசட் (ஃபைல சுருக்குற கருவி) 5.6.0, 5.6.1 ரெண்டுலயும் வேணும்னே ஒரு பேக்டோர் (ரகசிய பின்கதவு) வெச்சிருக்காங்க, நேத்து வெளிய வந்துச்சு. அதோட லைப்ரரி லிப்எல்இசட்எம்ஏ வழியா எஸ்எஸ்ஹெச் சர்வர்ல (தூரத்துல இருந்து மெஷினுக்குள்ள வர விடுறது) போய் உக்காருது. ஸ்டேபிள் தப்பிச்சுது, டெஸ்டிங்கும் சிட்டும்தான் மாட்டினது. "டிபிகேஜி -எல் லிப்எல்இசட்எம்ஏ5" அடிச்சுப் பாருங்க, உடனே அப்கிரேட் பண்ணுங்க, சரியான வெர்ஷன் 5.6.1+ரியலி5.4.5-1. பேரப் பாத்து குழம்ப வேணாம், உள்ள இருக்கிறது பழைய 5.4.5தான். டெபியன்ல வெர்ஷன் நம்பர் கீழ இறங்குனா யாருக்கும் அப்கிரேட்டா போகாது, அதனால பெரிய நம்பர முன்னாடி ஒட்டி உள்ள பழச வெச்சு அனுப்புறாங்க.

கண்டுபிடிச்சது ஆண்ட்ரஸ் ஃப்ராயிண்ட், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் டெவலப்பர். எஸ்எஸ்ஹெச் லாகின் அரை செகண்ட் லேட்டாகுதேன்னு நோண்டப் போயிருக்காரு. அவரும் டெபியன் சிட் தான் ஓட்டிட்டு இருந்தாரு!

---

அச்சக_மாப்ள | 30 மார்ச், காலை 8:20

ஐயோ. எனக்கு 5.6.0 இருக்கு. ஆப்ட் அப்கிரேட் அடிச்சா லிப்எல்இசட்எம்ஏ5 "கெப்ட் பேக்"னு வருது. பேர் சொல்லி இன்ஸ்டால் பண்ணாலும் மாட்டேங்குது. எஸ்எஸ்ஹெச் சர்வரும் ஓடுது, நான் வீட்டுல இருந்து மாமா மெஷின பாக்கறதுக்காக போட்டது.

---

டெர்மினல்தாத்தா | 30 மார்ச், காலை 8:31

முதல்ல எஸ்எஸ்ஹெச் சர்வர நிறுத்து. அப்புறம் "ஆப்ட்-மார்க் ஷோஹோல்ட்" அடி, அதுல லிப்எல்இசட்எம்ஏ5:ஐ386 நிக்கும் பாரு. வைனுக்காக லிப்எக்ஸ்எம்எல் வந்துச்சு, அதுக்காக இது வந்துச்சு, நீ லூப் போட்டு அதுக்கும் ஆணி அடிச்சிருக்க. ஐ386 நகராததால ஏஎம்டி64ம் நகரல. மின்மினி அன்னிக்கே சொன்னாங்க. ஹோல்ட எடுத்துட்டு ரெண்டு ஆர்க்கிடெக்சரையும் ஒரே லைன்ல எழுதி போடு.

ரவுட்டர்ல போர்ட் திறந்து வெச்சிருக்கியா?

---

அச்சக_மாப்ள | 30 மார்ச், காலை 9:02

நீங்க சொன்ன மாதிரியே இருந்துச்சு தாத்தா, ஹோல்ட எடுத்ததும் ஒரே அடில ஏறிருச்சு, இப்ப ரெண்டு பக்கமும் ரியலி5.4.5 தான் காட்டுது. எஸ்எஸ்ஹெச் சர்வரயும் அதுக்கப்புறம்தான் ஸ்டார்ட் பண்ணேன். போர்ட் திறக்கல, நல்ல வேளை, விபிஎன் வழியா மட்டும்தான் வருவேன், ரவுட்டர் பாஸ்வேர்ட் மாமாவுக்கு மறந்து போனதால அன்னிக்கு போர்ட் திறக்க முடியல, அத நெனச்சு மூணு நாள் திட்டிட்டு இருந்தேன்.

---

டெர்மினல்தாத்தா | 30 மார்ச், காலை 9:10

மாமாவுக்கு ஒரு காபி வாங்கிக் கொடு. வெளில இருந்து எஸ்எஸ்ஹெச்சுக்கு வழியே இல்லன்னா அந்தக் கதவ தட்டவே யாரும் வந்திருக்க முடியாது. எதுக்கும் விபிஎன் லாக ஒருவாட்டி புரட்டிப் பாரு.

---

யாழ்_பெங்குவின் | 30 மார்ச், காலை 9:48

நான் போன கிழமை சோம்பல்ல அப்டேற் பண்ணாம விட்டதால தப்பிட்டன் எண்டு நினைச்சன், பார்த்தால் என்னட்டயும் 5.6.0 தான் கிடக்கு. பிப்ரவரி கடைசியிலயே வந்திட்டுது போல. இப்ப மாத்திட்டன்.

---

குமிழ்27 | 30 மார்ச், காலை 10:15

எனக்கு 5.4 தான் இருக்கு, ஆறு மாசமா எல்லாம் ஹோல்ட்ல இருக்குல்ல 😂

---

மின்மினி | 30 மார்ச், காலை 10:22

அதுக்கு பேர் அதிர்ஷ்டம் குமிழ். ஆறு மாசத்துல வந்த மத்த செக்யூரிட்டி அப்டேட் எத்தன உங்களுக்கு வரலன்னு தெரியுமா? பிரவுசராவது ஹோல்ட்ல இல்லன்னு சொல்லுங்க.

---

குமிழ்27 | 30 மார்ச், காலை 10:40

...பாத்துட்டு வரேன்

---

டெர்மினல்தாத்தா | 30 மார்ச், காலை 11:05

மாப்ள, இப்ப ஷோஹோல்ட் அடிச்சு என்ன வருதுன்னு இங்க போடு. காலியா இருக்கணும்.

---

அச்சக_மாப்ள | 30 மார்ச், காலை 11:30

ஒண்ணே ஒண்ணு இருக்கு தாத்தா, கப்ஸ். பேப்பர்ல தேதியோட எழுதி மானிட்டர்ல ஒட்டியாச்சு, மாமா அத பாத்துட்டு யாரு இந்த கப்ஸ் பார்ட்டி, எத்தன பத்திரிகை ஆர்டர்னு கேக்குறாரு. வைகாசி முகூர்த்தம் முடியற வரைக்கும் அத மட்டும் விட்டுருங்க.